சிப்கு

ஜஸ்னாவின் பெயரைக் கேட்டாலே ஷோபனாவுக்கு வயிறு எரியும். இதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை. பூசி மெழுகிப் பேசுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. "எனக்கு வயிறு எரியுது" என்று வாய்விட்டுச் சொல்வாள், ஒரு சொம்பு தண்ணீரைக் குடிப்பாள், வேலையைப் பார்ப்பாள். அந்த எரிச்சல் தண்ணீருக்கு அடங்குகிற வகையாக இருந்திருந்தால், அந்தமானில் ஹேடோவின் தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்கு அவள் ஒருத்தியே காரணமாகியிருப்பாள்.

வேலை என்பது வெள்ளைச்சாமியின் வாடகை வண்டிக் கடையில். மெயின்லாண்டிலிருந்து வருகிற டூரிஸ்டுகளுக்கு ஸ்கூட்டியும் சைக்கிளும் வாடகைக்கு விடுகிற கடை. வண்டியை எடுத்துக் கொடுப்பதும், திரும்பி வந்ததும் எங்கே இடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று சுற்றிப் பார்ப்பதும், வியர்வை நாற்றம் பிடித்த ஹெல்மெட்டுகளை வெயிலில் காய வைப்பதும் ஷோபனாவின் பொறுப்பு. வெள்ளைச்சாமி நல்ல மனிதர்தான். ஆனால் வருகிறவர்களிடமெல்லாம் அவளைக் காட்டி, 'நேஷனல் சில்வர் மெடலிஸ்ட்' என்று பெருமையடித்துக்கொள்வார். அவர்களும் ஆசையாக அவளோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு, பிரேக் ஒழுங்காகப் பிடிக்குமா என்று அவளையே கேட்பார்கள்.

அந்த மெடல் பொய்யில்லை. ஷோபனாவின் அப்பா சிவஞானம் ஹேடோ துறைமுகத்தில் சரக்கு இறக்கும் பகுதியில் வேலை பார்த்தவர். குவார்ட்டர்ஸ் மேட்டின் உச்சியில். ரேஷன் கடை அடிவாரத்தில். பதின்மூன்று வயதில் அப்பாவின் பெரிய சைக்கிளில், கேரியரில் அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு, சீட்டில் உட்காராமல் நின்றபடியே அந்த மேட்டை ஒரே மூச்சில் மிதித்து ஏறுவாள். ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, விளையாட்டு விடுதியின் சைக்கிள் கோச் ஜெகநாதன் பைக்கில் பின்னாலேயே வந்துவிட்டார். பெண் யாரையோ இடித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்து அம்மா சந்திரமதி முதலில் மன்னிப்புக் கேட்டாள். கோச் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் சிவஞானம் தலையாட்டிவிட்டார். சாப்பாடு, பள்ளிக்கூடம், சைக்கிள் எல்லாம் விடுதியின் பொறுப்பு என்றால் அவர் வேறென்ன கேட்பார்?

அதே வருஷம் விடுதியில் சேர்ந்தவள்தான் ஜஸ்னா. ஹேடோ கடைத்தெருவில் வாளியும் கயிறும் தார்ப்பாயும் விற்கிற ஜாபர் பாயின் மகள். சந்திரமதி வாளி வாங்குவது அந்தக் கடையில்தான் என்பதால், இரண்டு பெண்களும் அடுத்தடுத்த கட்டில் பிடித்தார்கள், ஒரே சோப்பு டப்பாவில் துணி துவைத்தார்கள். சைக்கிளில் ஏறிவிட்டால் மட்டும் பேச்சு வேறு. வேகத்தில் ஜஸ்னா அவளுக்குக் கிட்டத்தில்கூட வரமாட்டாள். ஆனால் பின்சக்கரத்தை விடவும் மாட்டாள்.

சைக்கிள் ஓட்டத்தில் காற்று முழுவதும் முன்னால் போகிறவளுக்குத்தான். சக்கரத்தோடு சக்கரம் ஒட்டிப் பின்னால் வருகிறவளுக்கு முன்னவளின் முதுகே சுவர். பாதி பலத்தை மிச்சம் பிடித்துவிடலாம். அதனால்தான் முறை வைத்து ஓட்டுவார்கள். முன்னால் போகிறவள் களைத்துவிட்டால் முழங்கையை லேசாக வெளியே ஆட்டுவாள். நீ வா என்று அர்த்தம். பின்னால் இருப்பவள் முன்னால் வந்து காற்றை வாங்கிக்கொள்வாள். முழங்கை ஆடாமல் முந்திக்கொண்டு வருவது பயிற்சியில் மரியாதை இல்லை.

ஷோபனா முன்னால், ஜஸ்னா பின்னால். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாலும், சிடியா டாப்பு சாலையில் பயிற்சிக்குப் போனாலும் அப்படித்தான். விடுதியில் தமிழ்ப் பெண்கள், வங்காளிப் பெண்கள், தெலுங்குப் பெண்கள் எல்லோருக்கும் பொதுவான பாஷை இந்திதான். ஒட்டிக்கொண்டே வருகிறவள் என்று அந்த இந்தியில் ஜஸ்னாவுக்கு 'சிப்கு' என்று ஒரு பட்டப்பெயர் விழுந்தது. வைத்தவள் ஷோபனா. ஜஸ்னா சிரித்துக்கொண்டு ஒட்டிக்கொண்டே வந்தாள்.

படிப்பைப் பற்றி ஜெகநாதன் சாருக்கு ஒரே கருத்துதான். "மொதல்ல மெடல். மெடல் வந்தா நௌக்ரி தானா பின்னாடி வரும். படாய் எங்கயும் ஓடிப் போயிடாது" என்பார். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. அவர் காலத்தில் அவருக்கு அப்படித்தான் வேலை கிடைத்தது; தனக்கு நடந்ததைத்தான் சொன்னார். நடுவில் காலம் மாறிவிட்டதை மட்டும் யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஷோபனா அதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற நாட்களிலும் கடைசி பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்து, அடுத்த நாள் எந்த மேட்டை எந்த கியரில் ஏறலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பாள். டீச்சர்களும் நாட்டுக்காக ஓட்டுகிற பெண் என்று அவளை எழுப்பிக் கேள்வி கேட்பதில்லை. அது தனக்குச் செய்கிற மரியாதை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

போட்டிக்கு மெயின்லாண்ட் போவதென்றால் பெரும்பாலும் கப்பல்தான். சைக்கிள்களைச் சாக்கில் சுற்றிக் கட்டிவிட்டு, சென்னை வருகிற வரை மூன்று நாள் கீழ்த்தளத்தில் அடுக்குப் படுக்கை போட்ட பங்க் கிளாஸில் கிடக்க வேண்டும். ஷோபனாவுக்குக் கப்பல் ஒத்துக்கொள்ளாது. எந்த மேட்டுக்கும் அசராதவள், அலை ஆட ஆரம்பித்ததும் சுருண்டுவிடுவாள். அவள் பாலித்தீன் பையில் வாந்தி எடுத்துக்கொண்டிருக்க, மேல் பங்க்கில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஜஸ்னா எகனாமிக்ஸை உரக்கப் படிப்பாள். டிமாண்ட் கூடினால் விலை கூடும், சப்ளை கூடினால் விலை இறங்கும். மனசுக்குள் படித்தால் அவளுக்கு மண்டையில் ஏறாதாம். இன்றைக்கும் டிமாண்ட் என்ற வார்த்தை காதில் விழுந்தால் ஷோபனாவுக்குக் குமட்டும்.

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை நடக்கிற மாதத்திலேயே அந்த வருஷம் தேசியப் போட்டியும் வந்தது. ஜஸ்னா அழுது, வாப்பாவைக் கூட்டிவந்து கோச்சிடம் பேசவைத்து, பரீட்சைக்கு இருந்துவிட்டாள். ஷோபனா போட்டிக்குக் கிளம்பினாள். பரீட்சையை அடுத்த வருஷம்கூட எழுதலாம், மெடல் அடுத்த வருஷம் வரை காத்திருக்காது என்று சொல்லி வீட்டில் எல்லோர் வாயையும் அடைத்தாள். சொன்னபடி வெள்ளியோடுதான் திரும்பினாள். ஹேடோ ஜெட்டியில் மாலை, மேளம், லட்டு. சிவஞானம் தன்னோடு வேலை பார்த்தவர்களையெல்லாம் கூட்டிவந்து நிறுத்தியிருந்தார். கூட்டத்தின் ஓரத்தில் ஜஸ்னாவும் நின்றாள், விரலெல்லாம் பேனா மையோடு. அவளைப் பார்க்க ஷோபனாவுக்குப் பாவமாக இருந்தது. ஜஸ்னாவைப் பார்த்து அவள் பாவப்பட்டது அதுதான் கடைசி.

அடுத்த வருஷப் பரீட்சை நேரத்திலும் ஒரு கேம்ப் வந்தது. அதற்குப் பிறகு வந்த மழைக்காலத்தில், சிடியா டாப்பு சாலையின் ஓர் இறக்கத்தில், வழக்கம்போல ஜஸ்னா பின்னால் வர, ஷோபனாவின் சக்கரம் வழுக்கியது. முழங்கால் ஜவ்வு கிழிந்தது. ஆபரேஷன் ஆனது, பிசியோ ஆனது. கால் நடப்பதற்கு வந்தது, மிதிப்பதற்கும் வந்தது, பந்தயத்துக்கு மட்டும் வரவில்லை. விடுதியில் இருக்கும் வயதும் முடிந்துபோனது. அவளுடைய கட்டிலுக்கு திக்லிபூரிலிருந்து ஒரு புதுப் பெண் வந்தாள்.

விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீட்டில் ஓர் அலுவலகத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மெடலை அம்மாவின் பட்டு ரவிக்கைத் துணியில் சுற்றிக்கொண்டு போனாள். அங்கே இருந்தவர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்து மேஜைக்காரருக்கும் காட்டினார். அவரும் பார்த்து வியந்தார்.

"மெடல் பஹுத் அச்சா ஹை, பேட்டி. பாரஹ்வி பாஸ்?"

பேட்டி என்றால் மகள், பாரஹ்வி என்றால் பன்னிரண்டாவது. ஷோபனா இல்லையென்று தலையாட்டினாள். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. மெடல் அதே மரியாதையோடு அவள் கைக்குத் திரும்பி வந்தது. அதற்கப்புறம் போன இடங்களிலும் இதே கேள்வி, இதே தலையாட்டல். கடைசியில் வெள்ளைச்சாமி கடைக்கு வந்து சேர்ந்தாள். அவர் எதையும் கேட்கவில்லை.

இவள் ஹெல்மெட் காய வைத்துக்கொண்டிருந்த வருஷங்களில் ஜஸ்னா மெயின்லாண்டில் உடற்கல்வி டிகிரி படித்தாள், பிறகு கோச் ஆவதற்கென்று இன்னொரு படிப்பும் படித்தாள். எல்லாம் அவளுடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வரும். ஷோபனாவால் அதைப் பார்க்காமல் இருக்கவும் முடியாது, பார்த்ததாகத் தெரியவும் கூடாது. சொந்தப் போனில் பார்த்தால் பெயர் விழுந்துவிடும் என்று அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு போய், அடுப்படிக் கதவை ஒருக்களித்து வைத்துப் பார்ப்பாள். ஜஸ்னாவின் கழுத்தில் தொங்கிய ஸ்டாப்வாட்சைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள். பட்டமளிப்பு விழாவின் கறுப்பு அங்கியைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள். லைப்ரரி மேஜையில் தலைவைத்துத் தூங்கி வழிகிற படத்தைப் பார்த்துக்கூடப் பொறாமைப்பட்டாள். தூங்கி வழிவதற்கும் ஒரு லைப்ரரி வேண்டியிருக்கிறதே. தன் காலில் பாதி பலம் இல்லாத கால், எங்கெங்கே போய் நிற்கிறது என்று நினைத்து நினைத்து, அடுப்பில் வைத்த பாலைப் பொங்க விடுவாள்.

இந்த ஜூன் மாதம் ஜஸ்னா ஊர் திரும்பினாள். சும்மா வரவில்லை. அதே விளையாட்டு விடுதிக்குத் துணைக் கோச்சாக வந்திருந்தாள். அந்த வேலையை ஷோபனா பதினாறு வயதிலிருந்து தனக்கென்று மனதில் துண்டு போட்டு வைத்திருந்தாள். பந்தயம் ஓட்டுகிற காலம் முடிந்ததும் ஜெகநாதன் சார் பக்கத்தில் விசிலோடு நிற்கப்போவது தான்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. செய்தி கேட்ட அன்று சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தும் அவளுக்கு ஆறவில்லை.

ஒரு மத்தியானம் ஜஸ்னா கடைக்கே வந்துவிட்டாள். வாசலில் வரிசையாக நின்ற சைக்கிள்களைக் குனிந்து பார்த்தபடி, கொஞ்ச நேரம் ஷோபனாவுக்கு முதுகைக் காட்டி நின்றாள். நீல ஜாக்கெட்டின் முதுகில் பெரிய வெள்ளை எழுத்தில் 'கோச்' என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. என் முதுகையே பார்த்துப் பார்த்து வந்தவள், இன்றைக்கு அவள் முதுகை நான் படிக்க வேண்டியிருக்கிறதே என்று ஷோபனாவுக்கு உள்ளுக்குள் கொதித்தது.

ஜஸ்னா சுற்றி வளைக்காமல் வந்த விஷயத்தைச் சொன்னாள். பெண்கள் அணிக்கு அடுத்த வருஷம் இன்னொரு துணைக் கோச் எடுக்கப்போகிறார்கள். பழைய ரைடருக்குத்தான் முன்னுரிமை, ஆனால் பன்னிரண்டாவது கட்டாயம். ஓப்பன் ஸ்கூலில் தனியாக எழுதலாம். பெயர் கொடுக்க இந்த மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது. தன்னுடைய பழைய புத்தகங்கள் எல்லாம் வாப்பா கடைப் பரணில் பத்திரமாக இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் விடுதிப் பெண்களோடு ஓட்டவும் ஒரு தடவை வந்து பார்க்கலாம் என்றாள்.

ஷோபனா கையிலிருந்த ஹெல்மெட்டைக் கீழே வைத்தாள்.

"என் காத்துல வந்தவ நீ" என்றாள். "நான் முட்டி முட்டி ஒடச்ச காத்துல சொகமா ஒட்டிக்கிட்டு வந்துட்டு, இப்ப எனக்கே பிச்சை போட வர்றியா?"

கடைக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த வெள்ளைச்சாமி தலையைத் தூக்கவில்லை. ஜஸ்னாவின் முகம் ஒரு கணம் சுருங்கியது. கோபப்படுவாள் என்று ஷோபனா எதிர்பார்த்தாள். உண்மையில் அதைத்தான் விரும்பினாள்.

"ஒரு தடவ" என்றாள் ஜஸ்னா மெதுவாக. "ஒரே ஒரு தடவையாச்சும் நீ முழங்கைய ஆட்டியிருக்கியா, ஷோபி? நீ விழுந்த அன்னைக்கு மழையிலகூட, நான் முன்னாடி வர்றேன்னு எத்தனவாட்டி கத்துனேன்."

ஜஸ்னா ஸ்கூட்டியை ஸ்டார்ட் பண்ணினாள். கிளம்பப் போகிறவள், ஏதோ ஞாபகம் வந்தது போலத் திரும்பினாள்.

"உங்கம்மாவுக்கு சலாம் சொன்னேன்னு சொல்லு. தெனமும் என் ஸ்டேட்டஸ் பாக்குறாங்க. போன் அடிச்சா எடுக்கவே தெரியாதவங்க, இத மட்டும் எப்படிப் பாக்குறாங்களோ."

ஷோபனாவின் முகத்தில் ஈயாடவில்லை. வெள்ளைச்சாமி மட்டும் கணக்கு நோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார்.

அந்த வாரம் முழுவதும் அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. பயிற்சி, போட்டி, மழை, வெயில் என்று ஒவ்வொன்றாக மனதில் ஓட்டிப் பார்த்தாள். முழங்கை ஆடிய நாள் ஒன்றுகூட அகப்படவில்லை. சார் பைக்கில் பக்கத்தில் வந்து மாறு மாறு என்று கத்தியபோதும் அவள் மாறவில்லை. முன்னால் இருந்தால்தான் தான் ஷோபனா, இன்னொருத்தியின் முதுகைப் பார்த்துவிட்டால் யாரோ என்று அவளுக்கு ஒரு பயம். வீட்டில் சந்திரமதி தன் பங்குக்கு, "அந்தப் புள்ள நல்லதுக்குத்தானடி சொல்லுது" என்று ஆரம்பித்தாள். சிவஞானம் அலமாரிக் கண்ணாடிக்குள் தொங்கிய மெடலைத் துடைத்துக்கொண்டே, மகளின் முகத்தைப் பார்க்காமல், தானே பெண்ணைப் படிக்க விட்டிருக்க வேண்டும் என்றார். அது ஷோபனாவுக்குத் தாங்கவில்லை.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை அவள் போனது படிப்புக்காக இல்லை. ஜஸ்னாவைத் தோற்கடிக்கத்தான் போனாள். கட்டிலுக்கு அடியில் கிடந்த பழைய ரேஸ் சைக்கிளை இழுத்து, செயினுக்கு எண்ணெய் போட்டு, டயரில் காற்று அடித்து, கோச்சம்மாவை அவளுடைய பிள்ளைகள் முன்னாலேயே மண்ணைக் கவ்வ வைக்க வேண்டும் என்று கிளம்பினாள். வரிசையின் முன்னால் போய் நின்றாள், மிதித்தாள்.

முதல் மேட்டில் அவளைப் பிடிக்க ஆளில்லை. பின்னால் விடுதிப் பெண்கள் மூச்சு வாங்குவது காதில் விழுந்தது. அந்தச் சத்தம் அவளுக்கு லட்டு தின்பது போல இருந்தது. சாலை கடலோரம் திரும்பியதும் காற்று வந்தது. ஜூன் மாதக் காற்று, ஈரமும் உப்புமாக நேரே நெஞ்சில் மோதியது. முழங்கால் முதலில் முணுமுணுத்தது, பிறகு கத்த ஆரம்பித்தது. வேகம் இறங்கியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். இன்னும் இறங்கியது.

இப்போது முந்திப் போவார்கள் என்று காத்திருந்தாள். யாரும் முந்தவில்லை. தலையைத் திருப்பிப் பார்த்தாள். ஜஸ்னா அதே பழைய இடத்தில், அவள் பின்சக்கரத்தோடு ஒட்டி, முகத்தில் ஒன்றும் காட்டாமல் வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஆறேழு பெண்கள், எல்லோரும் ஷோபனாவின் வேகத்துக்குத் தங்களைக் குறைத்துக்கொண்டு, ஊர்ந்துகொண்டிருந்தார்கள். முழங்கை ஆடாமல் முந்தக் கூடாது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறாள், படுபாவி. ஒருத்தியின் வீம்புக்காக அத்தனை பேரும் நடுச்சாலையில் நடக்கிற வேகத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். கால் நின்றுவிடும் போல இருந்தது. ஷோபனாவுக்கு அழுகை வந்தது, அவமானத்தில்.

அவள் முழங்கையை ஆட்டினாள்.

சரியாகக்கூட ஆட்டத் தெரியவில்லை. கொசு கடித்தவள் சிலிர்த்துக்கொள்வது போல ஓர் அசைவு. ஆனால் ஜஸ்னா அதற்காகப் பத்துப் பன்னிரண்டு வருஷம் காத்திருந்தவள். ஒரே மிதியில் பக்கத்தில் வந்தாள், தாண்டினாள், முன்னால் போய் நிதானமாக அமர்ந்தாள். ஷோபனா விலகி நிற்பதா, ஒட்டிக்கொள்வதா என்று ஒரு கணம் தடுமாறிவிட்டு, ஒட்டிக்கொண்டாள்.

முதலில் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. காற்று நின்றுபோயிருந்தது. கடல் அங்கேதான் இருந்தது, தென்னைகள் பேயாட்டம் ஆடிக்கொண்டுதான் இருந்தன, அவள் மேல் மட்டும் காற்று படவில்லை. அதே கால்தான், வலி பாதியாகிவிட்டது. கண்ணெதிரே அந்த வெள்ளை எழுத்து. இவ்வளவு சுகமான இடத்திலா இவள் இத்தனை வருஷம் இருந்தாள்? ஷோபனாவுக்கு அதற்கும் பொறாமை வந்தது. இங்கே உட்கார்ந்துகொண்டு, மிச்சம் பிடித்த மூச்சில்தான் பரீட்சையெல்லாம் எழுதியிருக்கிறாள், திருடி.

பின்னால் ஒரு பெண் அடுத்தவளிடம் ஏதோ கிசுகிசுத்தாள். சிரிப்புக்கு நடுவே 'சிப்கு' என்ற வார்த்தை ஷோபனாவின் காதில் தெளிவாக விழுந்தது. அந்தப் பெயர் இன்னும் விடுதியில் உயிரோடுதான் இருந்தது. இன்றைக்கு அது யாருக்கு என்பதில் சந்தேகமில்லை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கொஞ்ச தூரம் போனதும், முன்னால் ஜஸ்னாவின் முழங்கை மெல்ல வெளியே வந்து ஆடியது. உன் முறை, வா என்றது.

"கைய உள்ள வையி" என்றாள் ஷோபனா. சொல்லிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டாள். "மொதப் பரீட்சை எது?"

ஜஸ்னா திரும்பவில்லை. அவள் சிரிக்கிறாள் என்பது முதுகிலேயே தெரிந்தது.

"எகனாமிக்ஸ்."

ஷோபனாவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. வயிறும் எரிந்தது. தன் முன்சக்கரத்தை அந்தப் பின்சக்கரத்துக்கு இன்னும் ஒரு விரற்கடை நெருக்கிக்கொண்டு மிதித்தாள்.